ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்விகள்

மகாராணி பூங்காவனத்துக்கு, அம்பத்தூர் சக்கரவர்த்தி எழுதுவது. உன் முழங்காலும் நம் ஆட்டின் இருமலும் எப்படி இருக்கின்றன?

எனக்கு லேசான மூச்சிரைப்புதான். ஆஸ்பத்திரியில் கிருஷ்ணப்பிரியா என்ற பெண், நடக்க முடிகிறதா, தூக்கம் வருகிறதா, மனசு சோர்வா என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். இமயமலையை ஒரே மூச்சில் ஏறுவேன் என்றேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புராணம் சொன்னேன்.

நேற்று மறுபடியும் போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"இன்னா அண்ணாத்தே, மருந்து தீந்துபோச்சா?"

"மருந்து இருக்கும்மா, கேள்விதான் தீர்ந்துபோச்சு."

"போன வாரந்தான கேட்டேன். இனிமே ஆறு மாசம் கழிச்சுத்தான்," என்று சிரித்தாள்.

நம்மூர் ஜெகன் வரும்போது மிளகாய்ப்பொடி கொடுத்தனுப்பு. போனில் ஊர்க்கதை முடிந்ததும் வைத்துவிடாதே. தூக்கம் வருகிறதா என்று நீயும் கேள். நான் பதில் சொல்லும்வரை இரு.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உன் உலகநாதன்