‘பைய’ என்றது குறையா, மைனி?

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து எனக்கு அக்காவாகிப் போன ஜெயா மைனிக்கு,

கல்லறைத் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் உங்களிடம் பேச வேண்டும் என்றுதான் வருகிறேன். ஆனால் அண்ணன் அழுதுவிடக் கூடாதே என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பூவை வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும். நீங்கள் என்றைக்கு ஊருக்குக் கேட்காமல் பேசியிருக்கிறீர்கள்?

முதலில் வீட்டுச் சேதி. அண்ணன் இட்லி அவிக்கப் படித்துவிட்டார். சாம்பாரில் ஊறப்போட்டால் தின்னலாம். பிரின்ஸி தன் சடையைத் தானே பின்னிக்கொள்கிறாள், கொஞ்சம் கோணலாக. நான் சரிசெய்யப் போனால், “அம்மா பின்னுன மாதிரி வராது அத்தே, விடுங்க” என்கிறாள். அம்மாவுக்கு இன்னும் அதே புலம்பல்தான். ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்கு வராமல் வகுப்புக்குப் போகிறேனாம். “ஆண்டவரவிட ஆஸ்பத்திரி நிர்வாகம் பெருசாப் போச்சோ ஒனக்கு?” என்று வாரம் தவறாமல் கேட்கிறாள்.

அந்தப் படிப்பில் என்னைப் பிடித்துத் தள்ளியது யார்? நீங்கள்தானே?

பாளையங்கோட்டையில் ஒரே மருத்துவமனையில், ஒரே பெண்கள் அறுவை வார்டில், நீங்களும் நானும் சொர்ணமும் நர்சுகளாக இருந்தோம். மருத்துவத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கென்று சுகாதாரச் சேவை மேலாண்மையில் முதுகலைப் படிப்பு ஒன்று வந்திருக்கிறது, மருத்துவமனையே ஒருவரை அனுப்பும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். நான் பேசாமல் கடந்து போனேன். நீங்கள் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். “ஏளா பியூலா, நம்மளப் பத்தி முடிவெடுக்குத மேசையில நம்ம ஆளு ஒருத்தி இருக்காண்டாமா? நீ போளா.”

போனேன். இப்போது அந்த மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்திருக்கத்தான் வழியில்லை, மைனி.

பொய் சொல்ல மாட்டேன், முதலில் எனக்குப் படிப்பு பிடித்திருந்தது. பல் டாக்டர் ஒருவர், ராதாபுரத்து மருந்தாளுநர் ஒருவர், பிசியோதெரபிக்காரப் பெண் ஒருத்தி, அப்புறம் நான். எல்லோருமே வேலை அலுப்போடு வந்து உட்காருகிறவர்கள். புறநோயாளிகள் வரிசை ஏன் நகரவே மாட்டேன் என்கிறது, ரத்தப் பரிசோதனை முடிவு ஏன் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வார்டுக்கு வருகிறது, இதற்கெல்லாம் காரணம் புரிந்தபோது ஓடிவந்து உங்களிடம்தான் சொன்னேன். நீங்கள் அப்போது நம் வார்டிலேயே நோயாளியாகப் படுக்கையில் இருந்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டே கேட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு என்னை நிர்வாகப் பிரிவின் கண்ணாடி அறைக்கு மாற்றினார்கள். வெள்ளைச் சீருடை போய்விட்டது. படிப்பு முடிந்தாலும் மூன்று வருடம் வேறெங்கும் போகக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நான் வார்டுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. தன் சோற்றில் பாதியை எனக்குத் தந்து தின்ற சொர்ணம், எழுந்து நின்று “வாங்க மேடம்” என்கிறாள். எந்த மேடத்தைச் சொல்கிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் நம் நர்சுகளைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. அவர்களிடம் போனில் கேட்கும் வேலையை மருத்துவமனை சென்னையில் ஒரு நிறுவனத்திடம் கொடுத்திருந்தது. அங்கே இருக்கிற பிள்ளைகள் கேட்டு, தட்டச்சு செய்து, எண்ணாக்கி எனக்கு அனுப்பினார்கள். ‘சேவையில் தாமதம்’ என்ற தலைப்பில் நம் வார்டுதான் முதலிடம். அதிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. சொர்ணம்.

எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் எண் எண்தானே என்று வண்ண வண்ணமாகப் படம் போட்டேன். வழிகாட்டிப் பேராசிரியருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மருத்துவமனை அதைவிட வேகம். ஆய்வு முடியும் முன்பே நிர்வாகக் குழுவில் அந்தப் படத்தைக் காட்டி, புண்ணுக்குக் கட்டு மாற்ற இத்தனை நிமிடம்தான் என்று விதி போட்டுவிட்டார்கள். வருடாவருடம் புதுப்பிக்கிற சொர்ணத்தின் வேலையை இந்த முறை புதுப்பிப்பதில்லை என்றும் பேசி முடித்தாகிவிட்டது.

நோயாளிகள் பேசிய சிலவற்றை அப்படியே பின்னிணைப்பில் சேர்க்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் ஒரு விதி உண்டு. அதற்காக ஒலிப்பதிவுகளைக் கேட்டு வாங்கினேன். முதலாவதாக ஸ்ரீவைகுண்டத்துக்காரம்மா ஒருத்தி பேசினாள்.

“அந்தச் சொர்ணம் சிஸ்டரு பையத்தாம்மா கட்டுப் பிரிப்பாவ. நோவே தெரியாது.”

அட்டவணையைத் திருப்பிப் பார்த்தேன். ‘செவிலியர் மெதுவாகச் செயல்படுகிறார்.’

உங்களுக்குப் புரிந்திருக்கும். இப்போது சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்தேன். அந்தச் சென்னைப் பிள்ளை என்ன செய்வாள், பாவம்? பைய என்றால் என்ன என்று யாரிடமாவது கேட்டிருப்பாள், மெதுவாக என்று சொல்லியிருப்பார்கள். அதுவும் தப்பில்லையே. ஆனால் கைக்குழந்தையை அடுத்தவர் மடியில் கொடுக்கும்போது நம் ஊரில் “பைய, பைய” என்கிறோமே, நேரமாக்கச் சொல்லியா கொடுக்கிறோம்? நோகாமல், பதனமாக என்றுதானே? ஒவ்வொரு பதிவாகக் கேட்டேன். பைய ஊசி போடுவாவ. பையத் திருப்பிப் படுக்கவைப்பாவ. அத்தனை பாராட்டும் தாமதக் கணக்கில் ஏறியிருந்தது.

அப்புறம் அடுத்த பதிவைப் போட்டேன். நீங்கள் பேசினீர்கள்.

“நானே அங்கன வேலை பாக்குதவதாம்மா, எங்கிட்டயே கேக்கியே” என்று சிரிப்பு, பிறகு இருமல். இரண்டாவது அறுவை முடிந்து வீட்டில் இருந்த நேரம் போலிருக்கிறது. “சரி, எழுதிக்கோ. எங்க சொர்ணம் இருக்காளே, எல்லாத்தையும் பையத்தான் செய்வா. டியூப் எடுக்கையில கூட பைய, பையன்னு சொல்லிக்கிட்டேதான் எடுத்தா. இத்தன வருசம் கூட வேல பாத்தேன். படுத்தப் பொறவுதான் அவ கை எனக்குத் தெரிஞ்சுது.”

அட்டவணையில் நீங்கள், ‘மிகவும் மெதுவாகச் செயல்படுகிறார்.’

கண்ணாடி அறையில் எல்லோரும் பார்க்கும்படி அழுதேன், மைனி. நீங்கள் கடைசியாகச் சொன்ன நல்ல வார்த்தையை எடுத்துத்தான் நான் சொர்ணத்தை அடித்திருக்கிறேன்.

நேரே நிர்வாக அலுவலர் ஞானராஜ் சாரிடம் ஓடினேன். அவரும் பாளையங்கோட்டைக்காரர்தானே. கேட்டதும் கடகடவென்று சிரித்தார். “எனக்குத் தெரியாதாம்மா பையன்னா என்னன்னு? நான் என்ன டெல்லியில இருந்தா வந்திருக்கேன்?” எனக்கு உயிர் வந்தது. பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “ஆனா குழு பாத்து முடிவாயாச்சு. ஒன் ஆய்வும் முடியப் போகுது. ஒன்ன நர்சிங் பொறுப்புல போடணும்னு வேற பேசியிருக்கோம். இப்பப் போய் ஏன் குட்டயக் குழப்புத? பையப் பாத்துக்கிடுவோம்.”

அவர் வாயில் அதே சொல். வரவே வராத ஒரு நாளுக்கும் நம் ஊரில் அதே சொல்தானே?

பேராசிரியர், ஆய்வை மாற்றினால் வாய்மொழித் தேர்வு தள்ளிப்போகும், இன்னொரு பருவம் உட்கார வேண்டும் என்றார். வேலையை விடலாம் என்றால் கையெழுத்து காலைக் கட்டுகிறது. வாயை மூடிக்கொண்டால் பட்டமும் பதவியும் வரும், சொர்ணம் போய்விடுவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். நீங்கள் இருந்தால் என்ன செய்யச் சொல்லியிருப்பீர்கள்?

இரண்டு நாள் எதுவும் செய்யாமல்தான் இருந்தேன். மூன்றாம் நாள் சொர்ணமே என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மேடம், என்னய வேலையவிட்டு எடுக்கப் போறாவளாம். நான் என்ன தப்பு செஞ்சேன்னு மட்டும் சொல்லுங்க. திருத்திக்கிடுதேன்.”

“தப்பு ஒண்ணுமில்ல சொர்ணம்.”

“சும்மா சொல்லாதீய. நான் லேட்டாக்குதேன்னு வார்டு பூராப் பேசுதாவ. இனிமே ஆக்க மாட்டேன்.”

அன்று மதியம் வார்டுக்குப் போனேன். சொர்ணம் ஒரு பிள்ளைக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. ஒட்டியிருந்த துணியை நனைக்காமல், ஊறவிடாமல், சரக்கென்று இழுத்தாள். அந்தப் பிள்ளை “எம்மா” என்று கத்தியது வராந்தா வரை கேட்டது. சொர்ணம் நிமிரவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அவள் கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக்கூட நேரம் எடுக்கவில்லை.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு என்னால் முடியவில்லை, மைனி.

திங்கட்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. ஆய்வை விளக்க என்னை அழைத்திருக்கிறார்கள். அங்கே உங்கள் குரலைப் போட்டுக் காட்டுவதென்று முடிவு செய்தேன். ஆனால் அண்ணனைக் கேட்காமல் எப்படிப் போடுவது? நேற்று சாயங்காலம் அவரை உட்காரவைத்து, விஷயத்தைச் சொல்லி, போனை அவர் கையில் கொடுத்தேன். உங்கள் சிரிப்பு வந்ததும் அவர் நிமிர்ந்து அடுக்களையைப் பார்த்தார். முடிந்ததும், “இன்னொரு தடவ போடு” என்றார். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். பிரின்ஸி வந்து கதவோரம் நின்றுகொண்டாள்.

“போடுட்டி” என்றார் கடைசியில். “அவ சொன்னதத்தான அவ சொன்ன மாதிரிச் சொல்லப் போற? ஒன் படிப்பு போனாப் போகுது.”

இன்று காலை பேராசிரியருக்கு எழுதிவிட்டேன், அந்த அத்தியாயத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று. இன்னொரு பருவம். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இன்னும் அத்தனை ஞாயிறு என்று தெரிந்தால் என்னைத் தொலைத்துவிடுவாள். சொர்ணத்தின் வேலை மிஞ்சுமா என்று தெரியாது. மூன்று வருடக் கையெழுத்தும் அப்படியேதான் இருக்கிறது. அதே கண்ணாடி அறையில், கோபமாக இருக்கிற ஆட்களுக்கு நடுவில்தான் இனி நான் உட்கார வேண்டும்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், மைனி. நீங்கள் சொர்ணத்தைப் பற்றிச் சொன்னது குறை இல்லை என்று அவர்கள் வாயால் ஒப்புக்கொள்ளாமல் நான் அந்தக் கூட்டத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டேன். அந்த மேசையில் நம் ஆள் ஒருத்தி வேண்டும் என்றீர்களே? திங்கட்கிழமை நாம் இரண்டு பேர் இருப்போம்.

உங்கள் வாயாடி நாத்தனார்,
பியூலா