சீட்டில்லாத சிப்பி மூட்டை

அன்புள்ள கார்வின் அண்ணாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை ஓடெசா எழுதுகிறேன். அப்பாவை அடக்கம் செய்த நாளிலிருந்து அம்மா தானாக ஒரு வரியும் எழுதவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், யாருக்காகவும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். டகோட்டாவில் இதற்குள் குளிர் தொடங்கியிருக்கும், எண்ணெய்க் கிணற்றில் நீ கைகால் சேதமில்லாமல் இருந்தால் அதுவே போதும் என்கிறாள். நாங்கள் எழுந்து நடமாடுகிறோம், சமைத்த அன்று சாப்பிடுகிறோம்.

லூஷியஸ் மாமாவின் கடைமேல் வழக்குப் போட நீ அனுப்பிய வக்கீல் காகிதம் வந்தது. அம்மா கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டாள். கல்லறையில் எல்லோர் முன்னும் நீ லூஷியஸ் மாமாவின் சட்டையைப் பிடித்து, உன் கடைச் சாப்பாடுதான்யா எங்கப்பாவைக் கொன்னுச்சு என்று கத்தினாய். அப்பாவோடு ஒரே படகில் இருபது வருஷம் சிப்பி அள்ளிய மனிதர், தலையைக் குனிந்துகொண்டாரே தவிர வாய் திறக்கவில்லை. ஏன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சிப்பி அவர் கடையுடையது அல்ல. அப்பா கொண்டுபோனது.

மாமாவின் புதுச் சாப்பாட்டுக் கடை திறப்புக்கு வெறுங்கையோடு போவதா என்று அப்பா அன்று காலையில் தானே அள்ளிய ஒரு மூட்டையை வண்டியின் பின்னால் போட்டார். எங்கே, எப்போது அள்ளியது என்று எழுதிக் கட்டவேண்டிய சீட்டும் கட்டவில்லை, ஐஸும் போடவில்லை, வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்றார். செப்டம்பர் வெயில் தெரியும் அல்லவா. நல்ல சட்டை போட்டுக்கொள்ளுங்கள் என்று அவரை வீட்டுக்குத் திருப்பியது அம்மாதான், அதையும் எழுது என்கிறாள். அம்மா சொல்லாத ஒன்றையும் நான் எழுதுகிறேன். நூலகத்தில் நிறுத்தச் சொன்னது நான். இரண்டு புத்தகங்களில் எதை எடுப்பது என்று முக்கால் மணி நேரம் நின்றேன். பிறகு நேரமாகிவிட்டது என்று ஐஸ் கடையில் நிற்காமலே போனோம்.

முன்பு டயர் கடையாக இருந்த இடத்தில்தான் மாமாவின் கடை, எட்டு மேசை, புதுப் பெயின்ட் வாசனை, சோளமாவில் புரட்டிய கெளுத்தி மீன் வறுபடும் சத்தம். மாமா மூட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு அப்பாவிடம், எசெல், இது சுடுதுடா, சீட்டும் இல்ல, பொரிச்சுத் தரேன், பச்சையா என் கடையில குடுக்க மாட்டேன் என்றார். நேத்து வரைக்கும் என்கூடச் சேத்துல நின்னவன், இன்னைக்கு ஏப்ரன் கட்டினதும் எனக்கே சட்டம் சொல்றான் பாருங்க என்று அப்பா எல்லோரையும் சிரிக்கவைத்தார். பையிலிருந்து தன் கத்தியை எடுத்து அங்கேயே பிளந்து, காரச் சாறு ஊத்தினா எந்தக் கிருமியும் நிக்காது என்று பதினாலு சிப்பி சாப்பிட்டார். ஈரல் கெட்டிருக்கிறது, பச்சைச் சிப்பி விஷம் என்று டாக்டர் சொன்னதை உனக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று எங்களைத் தடுத்ததும் அவரேதான். மற்றவர்கள் பொரித்ததைச் சாப்பிட்டார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் இரவு சிப்பியின் கிருமி ரத்தத்தில் ஏறி அப்பாவின் கால் கறுத்தது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

சுகாதாரத் துறைக்காரர்கள் மூட்டைச் சீட்டைக் கேட்டபோது, என் கடையிலதான் சாப்பிட்டாரு, நான்தான் பொறுப்பு என்று மட்டும் மாமா சொன்னார். நான்கு நாள் திறந்திருந்த கடையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். அம்மா போய்க் கேட்டதற்கு, செத்தவனைக் காட்டிக்குடுக்கச் சொல்றியா வெர்லின், எசெல் சுத்தமான சிப்பிக்காரன்னு ஊர்ல இருக்கிற பேரு அப்படியே இருக்கட்டும் என்றாராம். மூடிய கடையிலும் மாலையானால் வெளியே பெயர்ப் பலகை விளக்கைப் போடுகிறார், அப்பா மாட்டிக்கொடுத்த விளக்கு என்பதால்.

அப்பா பெயர் போனாலும் பரவாயில்லை, சுகாதாரத் துறை அலுவலகத்தில் உண்மையைச் சொல்லப் போகிறாள் அம்மா. நீயும் சரி என்று எழுதிய பிறகு போகலாம் என்றிருக்கிறாள். மாமாவுக்கு நீ ஒரு வார்த்தை எழுது, அதை மறக்காதே. உள்ளே கம்பளிச் சட்டை போடு. கோபத்தை அங்கேயே விட்டுவிட்டு கிறிஸ்துமஸுக்கு வா. கடவுள் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
வெர்லின்

அண்ணா, கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மா ஜன்னல் பக்கம் போனாள். உன் பதிலுக்குக் காத்திருக்கப் போவதில்லை, காலையிலேயே போகிறோம் என்று சேர்க்கச் சொல்கிறாள். தூரத்தில் தெரியும் மாமா கடையில் இன்று அந்தப் பலகை விளக்கு எரியவில்லை, அதையும் அணைக்க வைத்துவிட்டார்கள்.