குழை போடாத வயலின் புள்ளி

அச்சன்புதூர்
வெகுதானிய வருஷம், மாசி 18

சிரஞ்சீவி பலவேசத்துக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. ஆய்க்குடி முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், உன் அம்மாவின் முட்டுவலி நீங்கலாக. கோயம்புத்தூர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா என்று அவள் கேட்கச் சொன்னாள். பிசான நெல் அறுப்பு முடிந்து, நீ கேட்ட ஐந்து வயல் நெல்லையும் தனித்தனியே அடித்து அளந்துவிட்டேன். விளைச்சலைப் புள்ளி வைத்துக் கோடு இழுக்க நீ அனுப்பிய கட்டம் போட்ட தாளை விரித்ததும் உன் ஏழு வயது ஞாபகம் வந்துவிட்டது. குற்றாலத்தில் சாரலில் நனைந்துகொண்டே, அருவி கூடுவது மழையாலா காற்றாலா என்று கேட்டாய். இரண்டாலும்தான் என்றேன். "அப்பா, காத்தை மட்டும் நிறுத்திப் பிடிச்சா மழைக்கு எம்புட்டு விழுதுன்னு தெரிஞ்சிரும்லா" என்றாய். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். நான் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தென்காசி வரை நடந்தேன், அன்று பட்ட பெருமை இன்னும் தீரவில்லை.

அதே யோசனையைத்தான் இப்போது உன் விவசாயக் கல்லூரிப் பரீட்சைக்காக எழுதியிருந்தாய். விளைச்சல் உரமாக வயலில் மிதிக்கும் தழைக்குழையாலும் மாறும், தண்ணீராலும் மாறும், ஆகவே தண்ணீரை எல்லா வயலிலும் நாலு விரல் உயரத்தில் மாறாமல் வைத்து, குழையை மட்டும் ஒரு வயலுக்கு ஒன்றுமில்லாமல், மற்றதற்கு ஐந்து கட்டு, பத்து, பதினைந்து, இருபது என்று கூட்டினால் குழையின் கோடு தனியே தெரியும் என்று. மார்கழி மாதம் வரை அப்படியே செய்தேன். குழை போடாத வயல் மஞ்சள் பூத்து நின்றது. "ஒத்த வயலைப் பட்டினி போட்டுட்டு நாம மட்டும் சோறு திங்கோம்" என்று உன் அம்மா தினமும் புலம்பினாள். எனக்கும் மனசு கேட்கவில்லை, பத்து நாள் அந்த ஒரு வயலுக்கு மட்டும் மடையை அகலத் திறந்துவிட்டேன். இப்போது தாளில் அதன் புள்ளி ஐந்து கட்டு போட்ட வயலின் புள்ளிக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. "நாலு மரக்கால் கீழ இறக்கிப் போடுங்க அண்ணாச்சி, எவனுக்குத் தெரியப் போவுது" என்றான் அடுத்த வயல் பரமசிவன். போட்டும் பார்த்தேனப்பா, கோடு அவ்வளவு அழகாக வந்தது. பிறகு அழித்துவிட்டேன். அந்தக் கோட்டை நம்பி நாளைக்கு ஒருவன் குழை வெட்டினால் அவன் கதி என்ன?

உள்ளதை உள்ளபடி அனுப்பியிருக்கிறேன். பிழை தகப்பனுடையது என்று என் பெயரைப் போட்டே வாத்தியாரிடம் எழுதிக் கொடு. இதனால் உனக்கு ஒரு வருஷம் போய்விடுமோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. அப்படியே பரீட்சை தவறிப்போனாலும் தலைகுனியாமல் ஊருக்கு வா, அடுத்த பிசானத்துக்கு மடையில் நீயே நில், என்னை மட்டும் அந்தப் பக்கம் விடாதே.

நீ நன்றாயிருக்க வேண்டும்.

உன் அப்பா,
சுடலையாண்டி