கையைக் கட்டிக்கொண்டு பாஸான கதை

ஒஸ்லோ

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் நோவு குறைந்ததா? நான் நல்ல சுகம்.

முதியோர் இல்லத்துத் தாதியர் பயிற்சியில் பாஸாகிவிட்டேன்! முதல் தடவை பெயில். கவலைப்படுவீர்கள் என்று சொல்லவில்லை. சோல்வைக் என்ற மூதாட்டிக்கு அன்று நானே பாணைப் பிய்த்து வாயில் தீத்திவிட்டு, உடுப்பும் போட்டுவிட்டேன். "அவவாலை ஏலுமானதை நீங்கள் பறிக்கிறீங்கள்" என்றார் பரிசோதகர்.

இம்முறை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். சோல்வைக் கால் மணித்தியாலம் எடுத்து, எல்லாப் பொத்தான்களையும் தானே பூட்டிவிட்டு, "பார்த்தியா?" என்று சிரித்தார். எனக்குத்தான் வியர்த்துவிட்டது.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது. யாராவது வந்தால் கொடுத்துவிடுங்கள். ஓராளுக்கென்று சமைத்தாலும் பாதிச் சோறு மிஞ்சுகிறது.

பஸ் வரப்போகிறது. யூலையில் வருவேன். நீங்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். சோற்றைக் குழைத்து எனக்குத் தீத்திவிடுங்கள்.

உங்கள்
கம்சிகா