மஞ்சள் கழுவிய வான்கற்கள்

வெண்முகை நாடாளும் பேரரசர் இளநாகனாரின் ஆணையால், அமைச்சன் சேந்தன் நக்கன் எழுதுவிக்கும் ஓலை. குறும்பொறைக் கோட்டம் காக்கும் தலைவர் ஆதன் கண்ணனார் காண்க. தங்கள் ஏரிகள் நிறைக, ஆநிரை பெருகுக, மனைகளில் அழுகுரல் இல்லாதொழிக.

வானிலிருந்து விழுந்த கற்களையெல்லாம் ஒரு மாடத்தில் சேர்க்க அரசர் விரும்பியதும், தாங்கள் ஐந்து கற்களும் பிற கோட்டத்தார் பன்னிரண்டும் அனுப்பியதும் தாங்கள் அறிந்தவையே. வந்தபோது அவற்றில் மஞ்சளும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறியிருந்தன. அரண்மனைக்குள் அழுக்கு ஆகாது என்று, அமைச்சன் தானே முன்நின்று புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்கச் செய்தான். கற்கள் கன்னங்கரேலென்று மின்னின. அரசர் மெச்சினார், அமைச்சனுக்குத் தலைகால் புரியவில்லை. என்ன அறிவுகெட்ட பெருமிதம்!

கழுவிய பன்னிரண்டாம் நாள் தங்கள் கோட்டத்து இடைச்சி வேம்பி வந்து நின்றாள். மேய்ச்சல் நிலத்தில் அவள் மகள் கொன்றையைக் கொன்ற கல்லும் அவற்றுள் ஒன்றாம். வான்கல் பட்டு மாண்டவர்க்கு அவ்வூரார் வேறு நடுகல் எடுப்பதில்லை. கொன்ற கல்லையே நட்டு, தம் ஆடுகளுக்கு இடும் குறியை மஞ்சளால் அதில் இட்டு, இறந்த நாளில் பெயர் சொல்லி அழைத்துப் பால் வார்ப்பார்களாம். அமைச்சன் இதை அறியான்; கழுவுமுன் எவரையும் கேட்கவுமில்லை. வரும் நிறைமதி மகள் மாண்ட நாள் என்றும், அதற்குள் கல்லோடு ஊர் சேரவேண்டும் என்றும் அவள் வேண்டினாள்.

அரசர் மனமிரங்கி இசைந்தார். குறி அழிந்து, எக்கோட்டத்துக் கல் எது என்பதும் கழுவுகையில் கலந்துபோனதால், வேம்பி பதினேழில் ஒவ்வொரு கல்லையும் தடவினாள். பிள்ளையைத் தூக்குவதுபோல் இடுப்பில் தூக்கிப் பார்த்தாள். பதினான்கைக் கழித்தாள். மிச்சம் மூன்றும் ஒரே எடை, ஒரே வடிவு. மாலைவரை மாற்றி மாற்றித் தூக்கியும் அவளுக்குப் பிடிபடவில்லை. மூன்றையும் கொண்டுபோகுமாறு அமைச்சன் கெஞ்சினான். அவள் சொன்னது சொன்னபடியே எழுதப்படுகிறது:

"மத்த ரெண்டும் யாரு பெத்த புள்ளைங்களோ, சாமி. அவளுகளும் தேடிக்கிட்டு வருவாளுகளே. நான் தூக்கிட்டுப் போயிட்டா, அவளுக எங்க போய்க் கேப்பாளுக?"

வெறுங்கையோடு போய்விட்டாள். நிறைமதியும் கழிந்தது.

ஆதலின் ஆணையாவது: இனி அனுப்பும் கல்லின் மஞ்சளை ஒருவரும் தொடலாகாது. விழுந்த ஊரும், பட்டவர் பெயரும், தேடுவார் பெயரும் ஓலையில் எழுதிக் கல்லோடு கட்டுக. வேம்பியின் நிலத்தில் கல் நின்ற குழியை எவரும் தூர்க்கலாகாது.

முன்வந்த பதினேழுக்கும் ஓலை இல்லை. எழுத வழியும் இல்லை. அமைச்சன் நாள்தோறும் மாடத்து வாயிலில் நிற்கிறான். மற்ற இரு தாயர் இன்னும் வரவில்லை. வந்தால் எந்தக் கல்லைக் கொடுப்பான்?

கலைமான் இலச்சினை இடப்பட்டது. இவ்வாணை வழுவாது நிற்க.