துடியலூர்ப் புள்ளி

மச்சான்,

யாரும் நம்பப்போகாத ஒரு கதையைச் சத்தியம் செய்து சொல்லப்போகிறேன். இன்று காலை அக்கா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தபோது வெள்ளைத் தட்டில் ஒன்று விழுந்தது. எள்ளளவு. செம்பு நிறம். முதுகில் இரண்டு வெள்ளைப் பொட்டு. நான் துள்ளிக் குதித்ததில் துடியலூரே ஆடியது.

தொண்ணூறுகளில், பம்ப் பட்டறை வேலை போக மீதி நேரமெல்லாம் நீங்கள் தேடிய அதே வண்டு. கண்ட இடத்தையெல்லாம் வரைபடத்தில் மைப்புள்ளியாக வைத்தீர்கள். அத்தனை புள்ளியும் வால்பாறையில். "புள்ளிங்கறது அதோட விலாசம் மாப்ள. தப்பா எழுதப்படாது" என்பீர்கள்.

எனக்குத்தான் குறும்புப் புத்தி. வால்பாறையில் ஒன்றைப் பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். முன்னூறு யானைகள் வழிமறித்தன. நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் பஸ் ஆகாயத்தில் பறந்தது. வண்டு பாதி வழியிலேயே செத்துவிட்டது. அதை உங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் வைத்து, நீங்கள் கண்டெடுத்தபோது பக்கத்தில் நின்றேன். நாலு நாள் கழித்துச் சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் நீங்கள் துடியலூரில் புள்ளி வைத்து, ஒரு பேராசிரியருக்குக் கடிதமும் போட்டுவிட்டீர்கள்.

அவர் வந்தார். குடையைத் தலைகீழாக விரித்துச் செடிக்கடியில் பிடித்து, கிளையைத் தட்டினார். எறும்பு. மறுபடி தட்டினார். எறும்பு.

"வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"என்ற மாப்ள பாத்தாருங்க. கேளுங்க."

இருவரும் என் பக்கம் திரும்பினீர்கள். ஆமாம் என்றால் என் பொய் உங்கள் பெயரில் அச்சேறிவிடும். இல்லையென்றால் அவர் எதிரில் உங்கள் மானம் போகும். மூன்றாவது தட்டுக்கு அவர் கையை ஓங்கினார்.

"நாந்தானுங்க வெச்சேன்."

நீங்கள் திட்டவில்லை. பிளேடு எடுத்துவந்து அவர் முன்னாலேயே அந்தப் புள்ளியைச் சுரண்டினீர்கள். "அவரு வெளையாட்டுக்குச் செஞ்சுபோட்டாருங்க. உசுரோட பாக்காம எழுதுனது என்ற தப்புங்க." அதன்பிறகு அந்த வரைபடத்தை நீங்கள் விரிக்கவே இல்லை.

நீங்கள் கண்மூடிய பிறகு இன்றுதான் நான் அதை விரித்தேன். வண்டைப் பார்த்ததும் அக்கா, "இதையும் நீதான கொண்டாந்து போட்டே, கண்ணு?" என்றாள். நான் வால்பாறை போய்ப் பல வருஷமாயிற்று என்றால் நம்புகிற முகமா என்னுடையது?

சுரண்டிய இடத்தில் பேனாவை வைத்தேன். காகிதம் அங்கே மெலிந்திருந்ததால் மை ஊறி, புள்ளி கடலையளவுக்குப் பரவிவிட்டது.

யானைகள் பொய். பஸ் பறந்ததும் பொய். வண்டு மட்டும் நிஜம், மச்சான். உசுரோடதான் பாத்தேனுங்க.