விளையாட்டு மண்டபத் தரிப்பிடமும் நாலு தேசிக்காயும்

அனுப்புநர்:
தம்பிராசா இராஜேந்திரன்,
ஓய்வுபெற்ற சமையற்கூட ஊழியர்,
ரெனான்.

பெறுநர்:
திருமதி மதுஜா பிருந்தாபன் அவர்கள்,
பொது இடங்களுக்குப் பொறுப்பான உறுப்பினர்,
வில்லார்மோன் நகரசபை.

விடயம்: விளையாட்டு மண்டப வாகனத் தரிப்பிடத்தில் கம்பிங் வான்கள் இரவு தங்குவதைத் தடைசெய்த அறிவித்தலை நீக்குதலும், அத்தடைக்குக் காரணமான மண்டபக் காப்பாளர் திரு. குணசேகரம் மீது நடவடிக்கை எடுத்தலும்.

மதிப்பிற்குரிய அம்மணி,

தேர்தற் காலத்தில் தங்கள் துண்டுப் பிரசுரத்தில் "உங்கள் குறைகளைத் தமிழிலும் எழுதலாம்" என்று அச்சிட்டிருந்தீர்கள். அதை நம்பித் தமிழில் எழுதுகிறேன். வாசிக்கச் சிரமமாயின் தங்கள் தாயாரிடம் கொடுத்து வாசிப்பிக்கவும். அவரும் அறிந்திருப்பது நல்லது.

1. என் மனைவி கலாவதி சென்ற செப்டெம்பரில் பாரிசவாதத்தால் விழுந்தார். லோசான் ஆஸ்பத்திரியிலிருந்து தங்கள் ஊரின் புனர்வாழ்வு நிலையத்துக்கு அவரை மாற்றினார்கள். வலது கையும் காலும் வழங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. தாதிமார் ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வார். நான் ஊட்டினால் உண்பார். ஆகவே காலையும் மாலையும் நான் அங்கு நின்றாக வேண்டும்.

2. அவர் இரவு உணவை உண்டு முடிக்குமுன் கடைசி பஸ் போய்விடுகிறது. என் கண்ணில் வெண்படலம் இருப்பதால் இருட்டிய பின் வாகனம் ஓட்டக் கூடாதென வைத்தியர் எழுத்தில் தந்துள்ளார். நாள்தோறும் ஹோட்டலில் தங்க நான் வங்கி முதலாளி அல்லன். எனவே உள்ளேயே படுத்துறங்கக்கூடிய பழைய கம்பிங் வான் ஒன்றை வாங்கினேன். நிலையத்தை ஒட்டிய விளையாட்டு மண்டபத் தரிப்பிடத்தில் பத்துப் பிராங் செலுத்தினால் ஓரிரவு தங்கலாம், குழாய்த் தண்ணீரும் உண்டு என்ற நல்ல ஏற்பாட்டை நகரசபையே செய்திருந்தது. பேர்ண் பக்கத்து ஓய்வூதியர்களும் அங்கு வந்து நிற்பார்கள். ஒருவருக்கும் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை.

3. வானை முதன்முதலாகக் கொண்டுவந்து நிறுத்திய நாளன்று கலாவதியைச் சன்னலோரம் இருத்திக் காட்டினேன். வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "தேசிக்காய்" என்றார். விழுந்த பிறகு அவர் வாயிலிருந்து தெளிவாக வந்த முதல் வார்த்தை அதுதான். எங்கள் வீட்டில் எந்த வாகனம் வாங்கினாலும் நாலு சில்லின் கீழும் தேசிக்காய் வைத்து, கற்பூரம் கொளுத்தி, அதன் மேல் ஏற்றாமல் ஓட விடமாட்டார். இங்கு பிறந்த தங்களுக்கும் இது புதிதல்ல என நம்புகிறேன்.

4. மறுநாள் பிற்பகல், அவர் சன்னலுக்கு நேரே, அப்படியே செய்தேன். வெற்றிலைத் தட்டில் ஒரேயொரு கற்பூரக் கட்டி. கலாவதி நல்ல கையை மட்டும் தூக்கிக் கும்பிட்டார். நான் வானை எடுக்க ஏறியபோது தீயணைப்பு வண்டி சத்தமிட்டுக்கொண்டு வந்து நின்றது. கற்பூரம் அதற்கு முன்னரே எரிந்து முடிந்துவிட்டது. வந்தவர்கள் என்னை இறக்கி, தேசிக்காய் நாலையும் பொறுக்கிப் பிளாஸ்ரிக் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்கள். வான் ஓர் அங்குலமும் உருளவில்லை. மேலே சன்னலில் கலாவதி அழுதுகொண்டிருந்தார்.

5. அவர்களை அழைத்தவர் குணசேகரம். அவர் தீயணைப்பாளரிடம் பிரெஞ்சில் சொன்னதை என் காதால் கேட்டேன். அது என்ன தீ என்று தமக்குத் தெரியாதாம், இந்த ஆளையும் அவ்வளவாகப் பழக்கமில்லையாம். அட கடவுளே! லோசான் உணவகமொன்றில் இருவரும் ஒரே தொட்டியில் கோப்பை கழுவியவர்கள். அவருடைய கறுத்தக் காருக்குத் தேசிக்காய் வைத்துக் கற்பூரம் கொளுத்தியபோது தட்டுப் பிடித்தவன் நான். படம் இணைத்துள்ளேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி நிற்பவரே அவர்.

6. காரணமும் எனக்குத் தெரியும். என் மகன் ஜனார்த்தனின் திருமணம் கொரோனாக் காலத்தில் நடந்தது. வீடு வீடாகப் போக வழியின்றி எல்லோருக்கும் அழைப்பிதழைத் தொலைபேசியில்தான் அனுப்பினோம். குணசேகரத்தின் மனைவி சுகந்தி கோயிலில் நாலு பேர் கேட்கச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "வாசலுக்கு வந்து குங்குமம் தந்து கூப்பிடாமல் போனிலை காட் அனுப்பினவை. அதை இவர் மறப்பாரோ?" மறக்கவில்லை, அம்மணி. என் வாசல் அவருடைய தரிப்பிடத்துக்கு வரும்வரை காத்திருந்திருக்கிறார்.

7. "தீ அபாயம்" எனக் காரணம் காட்டித் தாங்கள் கையொப்பமிட்ட தடைப் பலகை டிசெம்பரில் ஏறியது. அதை ஆணியடித்தவரும் அவரே. போய்க் கேட்டதற்குத் திறப்புக் கோர்வையைச் சுழற்றியபடி, "அண்ணை, நான் என்ன செய்யிறது? கொமியூன் சொன்னால் சொன்னதுதான்" என்றார். ஓம், அந்த நகரசபைக்குச் சொல்லிக் கொடுத்தவர் யாராம்? அன்று முதல் அயலூர்களில் இடம் தேடி அலைகிறேன். ஒரு விவசாயி தம் களஞ்சிய முற்றத்தில் காசு வாங்காமல் நிற்க விடுகிறார், பெரிய மனது. ஆனால் அவ்விடத்துக்கு இருட்டுமுன் போய்ச் சேர வேண்டுமாதலால் இரவு உணவுக்கு நான் நிற்க முடிவதில்லை. கலாவதி உண்பதுமில்லை. இந்நிலை நீடித்தால் வயிற்றில் துளையிட்டுக் குழாய் வழியே உணவு கொடுக்க வேண்டிவருமென வைத்தியர் அறிவித்துள்ளார். சன்னலைப் பார்த்து "தேசிக்காய், தேசிக்காய்" என்று மட்டும் சொல்கிறார். வேறு வார்த்தை வரவில்லை.

8. இது பழிவாங்கும் மனு எனத் தாங்கள் எண்ணக்கூடும். ஓம், பழிவாங்கவும்தான். வயிறு எரிகிறவன் வேறெப்படி எழுதுவான்? நான் ரெனான்வாசி, இவ்வூரில் எனக்கு வாக்கில்லை. வாய் இருக்கிறது. கோயிலுக்கு வருகிற இவ்வூர்த் தமிழர்களுக்கு வாக்கும் இருக்கிறது.

ஆகவே நான் வேண்டுவது:

தடைப் பலகையைக் குணசேகரமே, பட்டப்பகலில், கலாவதியின் சன்னலுக்கு எதிரே நின்று கழற்ற வேண்டும்.

மீண்டும் தங்க அனுமதிக்கும் கடிதத்தைத் தபாலிலோ தொலைபேசியிலோ அனுப்பற்க. நேரில் அழைக்காததுதானே அவருக்குக் குறை! முறை தெரிந்த மனிதர், முறைப்படியே செய்யட்டும். அவரும் சுகந்தியும் குங்குமத் தட்டோடு என் வானின் வாசலுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி, "வந்து நில்லுங்கோ" என்று வாயால் அழைக்க வேண்டும்.

அதன் பின், பறித்த தேசிக்காய்களுக்கு ஈடாக நாலு புதுத் தேசிக்காயை அவர் தம் கையாலேயே சில்லுகளின் கீழ் வைக்க வேண்டும். குனிந்துதான் வைக்க வேண்டிவரும். அவர் கையை எடுத்துவிட்டாரா என்று பார்த்தே வானை எடுப்பேன். அவ்வளவுக்கு நான் கெட்டவன் அல்லன்.

தேசிக்காய் நசிவதைக் கலாவதி மேலேயிருந்து பார்க்க வேண்டும். அன்றிரவு அவருக்கு நான் சோறு ஊட்ட வேண்டும். குழாய் போடும் நாள் குறிக்குமுன் தாங்கள் முடிவெடுப்பீர்களென எதிர்பார்த்து நிற்கும்,

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) த. இராஜேந்திரன்

இடம்: புனர்வாழ்வு நிலைய வரவேற்பறை, வில்லார்மோன்
திகதி: 06.02.2023

இணைப்பு: கண் வைத்தியரின் கடிதம், நிலைய வைத்தியரின் கடிதம், குணசேகரம் தம் காரோடும் தேசிக்காயோடும் சிரிக்கும் படம்.